தூசு இல்லாத அறை

எக்செல் ஷீட்டில் ஒரு பிழைச் செய்தி தெரிந்தால்கூட எனக்குச் சாப்பாடு இறங்காது ஐயா. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். எதுவும் சுத்தமாக இருக்க வேண்டும்.

விருத்தாசலத்தில் கழிவறைப் பீங்கான் செய்யும் கம்பெனியில் நான் ஆபீஸ் பொறுப்பு. ஒவ்வொரு அறையிலும் சிறு பம்பு ஒன்று காற்றை இழுத்து, அதிலுள்ள தூசைச் சோதனைக்கு மாதிரியாக எடுக்கும். மொத்தத் தூசை மாதிரிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் அந்த அறையின் சராசரி வரும். எந்த அறையில் தூசு குறைவோ அது மேலே வரும்படி ஷீட்டை அமைத்தேன். இருமல் உள்ளவர்களை அங்கே மாற்றுவோம். நல்ல ஏற்பாடு. என் யோசனைதான்.

கல் அரைக்கும் அறையின் பம்பு பழுதானது. மாதிரி இல்லை என்றால் எண்ணிக்கை பூஜ்யம். பூஜ்யத்தால் வகுக்க முடியாது என்று அந்தக் கட்டம் பிழை காட்டியது. முதலாளி ஆதிநாராயணன் எட்டிப் பார்த்தார்.

"என்னா கௌரிசங்கர் இது, அசிங்கமா? ஏற்றுமதி பார்ட்டி வராங்க."

பிழை வந்தால் பூஜ்யம் என்று காட்டு என ஒரு சூத்திரம் போட்டேன். வெற்றிடமாகவும் விட்டிருக்கலாம். பூஜ்யம் பார்வைக்கு நன்றாக இருந்தது. அரவை அறை பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது.

களிமண்ணை அச்சில் வார்க்கும் பகுதியில் வேலை பார்த்த சிவகாமசுந்தரிக்கு அப்போது இருமல். ஷீட்டின்படி அவரை அரவை அறைக்கு மாற்றினேன். சில வாரம் கழித்து ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். புருவமெல்லாம் வெள்ளை.

"சார், அந்த ரூமுல எதிர்ல நிக்கறவங்க மூஞ்சியே தெரியலீங்க."

திரையைத் திருப்பிக் காட்டினேன். "ஜீரோன்னு இருக்குது பாருங்கம்மா. இருக்கறதுலயே இதான் நல்ல எடம்."

அவர் அதை வெகுநேரம் பார்த்தார். "அப்ப எனக்கு மட்டும்தான் அப்படி இருக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினார். படித்தவர் சொன்னால் நம்பும் குணம் அவருக்கு.

பம்பு ஓடவில்லை என்று எனக்குத் தெரியாதா என்கிறீர்கள். தெரியும். அதைக் கழற்றி ஸ்டோரில் வைக்கச் சொன்னவனே நான்தான். ஆனால் சூத்திரத்தை எடுத்தால் போன மாதங்களும் பிழை என்று காட்டும். முன்பு அனுப்பிய அறிக்கை எல்லாம் பொய்யாகிவிடும். அதற்கு என் மனம் ஒப்பவில்லை.

அடுத்த பொங்கலுக்குச் சிவகாமசுந்தரி இல்லை. கடைசியில் படுக்கவே முடியாமல் உட்கார்ந்தபடியே தூங்கினாராம். வீட்டுக்குப் போய் மாலை போட்டேன். அவர் மகள் கவிப்ரியாவுக்குக் கம்பெனியில் வேலை வாங்கிக் கொடுத்ததும் நான்தான். அந்தப் பெண்ணுக்குச் சிறுவயதிலிருந்தே மூச்சிழுப்பு. எந்த அறையில் போடலாம் என்று முதலாளி என்னைக் கேட்டார்.

அம்மா இருந்த அறையைத்தான் சொன்னேன். இப்போது அவளும் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், பிழைப்பது கஷ்டம் என்கிறார்கள். ஆனால் ஐயா, தாயில்லாத பெண் என்று எண்ணித்தான், இருப்பதிலேயே தூசு குறைந்த இடத்தை அவளுக்குக் கொடுத்தேன்.