வாலிப மேடு

நெஞ்சில் பெயிண்ட் காய்ந்திருந்தால் இ.சி.ஜி. கப் ஒட்டாது, ஐயா. அதனால் முதலில் ஈரப்பஞ்சால் துடைத்தேன். பதினாறு வருடமாக இதே வேலை. அரைகுறை என்று என்னை யாரும் சொன்னதில்லை.

அவனுக்கு இருபத்தாறு வயது. சுவருக்குப் பெயிண்ட் அடிப்பவன். ஏணியில் நிற்கும்போது நெஞ்சு வலித்ததாம். மனைவி அவன் சட்டையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வேலைன்னு சொன்னாலே இவருக்கு எங்கயாவது வலிக்கும்க்கா" என்றாள். அவனும் சிரித்தான்.

எங்கள் டாக்டருக்கு ஒரு சொல் உண்டு. இளவயதில் சிலருக்கு, துடிப்பின் ஊசிமுனை இறங்கியதும் கோடு தரைக்கு வராமல் சற்று உயர்ந்தே நிற்கும். நோய் இல்லை, உடல்வாகு. அதை வாலிப மேடு என்பார். மேடு கிண்ணம் போலக் குழிந்திருந்தால் பெரும்பாலும் பயமில்லை. குடை போலக் கவிழ்ந்துவிட்டால் மாரடைப்பு.

மூன்று வருடத்துக்கு முன், மாரடைப்பு என்று ஒரு கல்லூரி மாணவியின் இ.சி.ஜி. தாளோடு அவர் அறைக்கு ஓடினேன். அது வாலிப மேடுதான். தவறாகப் படித்தது நான்.

"ஏம்மா, கோடு இழுக்கிறது உன் வேலை, படிக்கிறது என் வேலை. பத்தாவதோட நின்னுட்டு எனக்கே பாடமா?" என்றார். நோயாளிகள் முன்னால்தான். அன்றிலிருந்து நர்சுகளுக்கு நான் 'பெரிய டாக்டரம்மா'. "டாக்டரம்மா, எனக்குத் தலைவலி. மேடு கீடு இருக்கான்னு பாருங்களேன்."

நான் கோபப்படவில்லை. குப்பைக்குப் போகும் பழைய தாள்களை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்தேன். அதற்குப் பிறகு ஒன்றுகூடத் தப்பியதில்லை. யாரிடமும் சொன்னதும் இல்லை.

பெயிண்டரின் முதல் தாளை டாக்டரே பார்த்தார். கிண்ணம்தான். "வாலிப மேடு. ஆனா வலி இருக்கே, கால் மணி கழிச்சு இன்னொண்ணு எடு" என்றார்.

எடுத்தேன். மேடு கவிழ்ந்திருந்தது. அவன் நெற்றி வியர்த்திருந்தது.

"சரியா இருக்காக்கா?" என்று மனைவி கேட்டாள்.

"டாக்டர் சொல்லுவார்" என்றேன். அதுதானே முறை.

டாக்டர் ஒருவரின் காலில் தையல் போட்டுக்கொண்டிருந்தார். தலை தூக்கவில்லை. "மாறியிருக்காம்மா? நீயே பார்த்துச் சொல்லு" என்றார்.

மூன்று வருடத்தில் முதல்முறையாக என்னைப் படிக்கச் சொன்னார். என் மனதில் பகை எதுவும் இல்லை, ஐயா. ஒரே ஒரு முறை, எல்லோர் முன்னாலும், அவரும் தவற வேண்டும். அவ்வளவுதான்.

"அதேதான் சார். வாலிப மேடு" என்றேன்.

"அப்ப வலி மாத்திரை கொடுத்து அனுப்பு."

தாள் என் கையில்தான் இருந்தது. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன்.

அவன் விரல்கள் நடுங்கியதால் சட்டைப் பொத்தான்களை நான்தான் போட்டுவிட்டேன். பேருந்து நிறுத்தம் வரைக்கும் நடந்திருக்கிறான். அங்கே விழுந்தவன் எழுந்திருக்கவில்லை.

தானே தாளைப் பார்த்திருக்க வேண்டும் என்று டாக்டர் ஒப்புக்கொண்டாராம். நியாயம்தான்.

நேற்று விசாரணைக்கு மூன்று இதய மருத்துவர்கள் வந்தார்கள். இரண்டாவது தாளை அவர்கள் முன்னால் விரித்து வைத்தேன். மாரடைப்பு என்று மூவரும் ஒரே குரலில் சொன்னார்கள். நான் படித்ததும் அதையேதான், ஐயா. ஒரு சிறு கோடுகூடப் பிசகவில்லை. அதை மட்டும் விட்டுவிடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.