ஏழாம் பாடம்

வடிவாம்பாள்: இந்தப் புஸ்தகத்தை அடுப்புலயே போட்டுடறேன் மாமா. உலைத் தண்ணியாவது காயும்.

கைலாசம்: குடு இங்க. மூட்டையில வை.

வடிவாம்பாள்: இன்னாத்துக்கு? ஆரணிக்குப் போயி எவர் தறியிலயோ கூலிக்கு ஒக்காரப் போறோம். கூலிக்கு நெய்யறவருக்குப் பணக்காரன் ஆவுற புஸ்தகம் எதுக்கு?

கைலாசம்: பன்னெண்டு பாடமும் முழுசாக் கேட்டவன் இந்தத் தெருவுலயே நான் ஒருத்தன்தான்.

வடிவாம்பாள்: கேட்டதோட நின்னிருக்கலாம்...

கைலாசம்: எட்டணா குடுத்து வாங்கினதுடி. பட்டணத்துல, மூர் மார்க்கெட்டுல. 'எழுத்து தெரியாதவருக்குப் புஸ்தகம் எதுக்கய்யா'ன்னு கடைக்காரன் கேட்டான். 'எம் பொண்டாட்டி மிஷன் பள்ளிக்கூடத்துல மேரி டீச்சர்கிட்ட மூணாங்கிளாஸ் படிச்சவ'ன்னேன். புஸ்தகத்தைக் கட்டிக் குடுத்துட்டான்.

வடிவாம்பாள்: ஊரெல்லாம் அதையேதான் சொல்லிக்கினு திரிஞ்சீங்க.

கைலாசம்: சாப்பிட்டுக் கை கழுவினதும் நீ படிப்பே. நான் கேப்பேன். மறுநாளு அதைச் செய்வேன். மூணாம் பாடம் ஞாபகம் இருக்குதா?

வடிவாம்பாள்: ஐயோ, அந்த மூணாம் பாடம்! 'வியாபாரியானவன் சூரியோதயத்துக்கு முன் வேலையைத் தொடங்க வேண்டியது.' கோழி கூவறதுக்கு முன்னால போயி நெசவுக்காரங்க வூட்டுக் கதவையெல்லாம் தட்டினீங்க. திருஞானசம்பந்தம் திருடன்னு நெனைச்சு உலக்கையோட வந்தாரே!

கைலாசம்: தட்டினதாலதான் ஒரு தறி அஞ்சு தறியாச்சு.

வடிவாம்பாள்: அஞ்சாம் பாடம்? 'வாங்குகிறவரின் கண்ணைப் பார்த்துப் பேசு.' தெலுங்குச் செட்டியார் கடையில இமை கொட்டாம அவரையே மொறைச்சுக்கினு நின்னீங்க. 'ஏமண்டி, கண்ணுல தூசு வுழுந்துச்சா'ன்னு கேட்டாரு பாவம்.

கைலாசம்: நாலு புடவை வாங்கினாரா, இல்லையா?

வடிவாம்பாள்: பயந்துக்கினு வாங்கினாரு.

கைலாசம்: ...பங்குனிக்கு அப்பால நீ இன்னிக்குத்தான் சிரிக்கிறே.

வடிவாம்பாள்: சிரிப்பா இது? வூட்டைப் பாருங்க. கடனுக்குத் தறி போன குழி நாலும் வாயைப் பொளந்துக்கினு கெடக்குது. அஞ்சாவதையும் தூக்க இன்னும் செத்த நேரத்துல நாட்டாமை சொல்லி கந்தன் வந்துடுவான்.

கைலாசம்: மொதப் பாடம்தான்டி நம்மளை மாட்டி வுட்டுது. 'உன் சரக்கை ஆயிரம் சரக்கில் வைத்தாலும் உன்னுடையதென்று தெரிய வேண்டும்.' தெரியட்டும்னுதான் முந்தானை மூலையில சின்னதா ஒரு வேல் நெஞ்சேன். 'வேல் போட்ட புடவை குடு'ன்னு ஜனங்க கேட்டு வாங்கினாங்க.

வடிவாம்பாள்: அந்த வேலைத்தான் பங்குனி உத்திரத்தன்னிக்குத் தெருவே பார்த்துது.

கைலாசம்: ம்.

வடிவாம்பாள்: தைப்பூசத்துக்கு நம்ம புடவையைச் சாத்தினப்போ அம்மன் மேல தகதகன்னு இருந்தது. ரெண்டு மாசம் கழிச்சுக் கோயில் பெட்டியிலேருந்து எடுத்தா கரை முழுசும் கரி. குருக்கள் கையில தூக்கிப் புடிச்சுக்கினு நின்னாரே... யார் வூட்டுப் புடவைன்னு ஒருத்தரும் கேக்கலை. மூலையில வேல் இருந்துதே.

கைலாசம்: வுடு.

வடிவாம்பாள்: கரி சரிகை வூடு! நேத்து தண்ணிக்குப் போனப்போ ஒருத்தி எம் பேரைச் சொல்லலை, அதைத்தான் சொன்னா. நம்ம புடவையை இனி எந்தக் கடையில தொடுவாங்க?

கைலாசம்: வுடுன்னேனே. கந்தன் வர வரைக்கும் ஒரு பாடம் படி.

வடிவாம்பாள்: இப்பவா? பைத்தியமா உங்களுக்கு?

கைலாசம்: ஏழாம் பாடம்.

வடிவாம்பாள்: ...அது வாணாம்.

கைலாசம்: ஏன்?

வடிவாம்பாள்: மத்ததையெல்லாம் ஒரே தரம் கேட்டீங்க. ஏழாவதை மட்டும் திரும்ப ஐப்பசியில ஒரு தரம், கார்த்திகையில ஒரு தரம், மார்கழியில ஒரு தரம். இந்நேரம் உங்களுக்கு மனப்பாடமே ஆயிருக்கும்.

கைலாசம்: ஆயிடுச்சு. சொல்லட்டா? 'சரக்கு அறையின் சாவியை நம்பிக்கையுள்ள ஒருவனிடம் கொடு. கொடுத்த பின் அவனைச் சோதிக்காதே...'

வடிவாம்பாள்: போதும்.

கைலாசம்: 'சோதித்தால் அவன் மனம் கோணும். மனம் கோணியவன் உனக்காக உழைக்க மாட்டான்.' கேக்க நல்லாத்தான் இருக்குது, இல்ல?

வடிவாம்பாள்: போதும்னு சொல்றேனே மாமா!

கைலாசம்: மொதத் தரம் நீ படிச்சப்போ உன் தம்பி குப்புசாமியும் கேட்டுக்கினு இருந்தான்.

வடிவாம்பாள்: அந்தப் பாவி பேச்சை எடுக்காதீங்க! கார்த்திகை தீபம் வரைக்கும் ஒழுங்காத்தான் இருந்தான். அப்பால பெட்டியில இருந்த வெள்ளிச் சரிகையை எடுத்து வித்துட்டு, செம்புல முலாம் பூசினதைக் கொண்டாந்து வச்சுட்டான். நமக்கு விஷயம் தெரியறதுக்குள்ள பெங்களூருக்கு ரயிலேறிட்டான். நீங்க ஒரு நாளாவது பெட்டியைத் தெறந்து நிறுத்துப் பார்த்தீங்களா?

கைலாசம்: 'சோதிக்காதே'ன்னு படிச்சியே.

வடிவாம்பாள்: உங்களுக்கு அதுக்கெல்லாம் எங்க நேரம்! வெள்ளிக்கிழமையானா சின்னக் காஞ்சிபுரத்துக்கு ஓடிடுவீங்க. தேசிகன் வாத்தியார் வூட்டுல புடவை கேக்கறாங்கன்னு ஆறு மாசம் நடந்தீங்க. ஒரு புடவை வித்தீங்களா? கைலாசம் நாமம் போட்டுக்கப் போறாருன்னு தெருவே சிரிச்சுது.

கைலாசம்: நமக்கு நாமம் போட்டது உன் தம்பி.

கந்தன்: அண்ணே! அண்ணி! வண்டி வந்தாச்சு. மாடுதான் சண்டி பண்ணுது. உங்க வூட்டு வாசல்னா அதுக்கும் பயம் போல.

வடிவாம்பாள்: நீயாவது உள்ள வந்தியேப்பா. உக்காரு கந்தா. தர்றதுக்குத் தண்ணிதான் இருக்குது.

கந்தன்: தண்ணி போதும் அண்ணி. அண்ணே, நாட்டாமை உன்னைக் கடைசியா ஒரு தரம் கேட்டுக்கினு வரச் சொன்னாரு.

கைலாசம்: கேட்டதுக்குத்தான் பதில் சொல்லிட்டேனே.

கந்தன்: முழுசாக் கேளு. நீ பெரிசா ஒண்ணும் பண்ண வாணாம். அம்மன் எதிர்ல நின்னுக்கினு, 'அறியாம சாவியைக் குடுத்து ஏமாந்துட்டேன்'னு ஒரே ஒரு சொல்லு சொல்லணும். அவ்ளோதான். இந்தத் தறி இங்கயே இருக்கும். நெய்யறதுக்குப் பட்டும் ஊர்லயே குடுப்பாங்க. ஆரணிக்குப் போவ வாணாம்.

வடிவாம்பாள்: சொல்லுங்க மாமா! ஒரு சொல்லுதானே!

கைலாசம்: சொல்ல மாட்டேன்.

கந்தன்: ஏண்ணே? மச்சானைக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னா? அவன் பெங்களூர்ல ஜாலியாக் கீறான்!

கைலாசம்: சாவியைக் குடுத்தவன் நான். பேப்பர் கொண்டாந்தியா? படி.

கந்தன்: பேஜார் புடிச்ச மனுஷன்பா நீ. கேளு. 'கைலாசம் ஆகிய நான், அம்மன் புடவைக்கு ஈடாக என் கடைசித் தறியை ஊராரிடம் மனச் சம்மதத்துடன் ஒப்புவிக்கிறேன். இனி இந்தத் தெருவில் தறி போட மாட்டேன்.' அவ்ளோதான். வெரலை நீட்டு.

கைலாசம்: நடுவுல ஒண்ணை வுட்டுட்டே.

கந்தன்: ...எதை?

கைலாசம்: பேப்பர்ல நாலு வரி இருக்குது. நீ படிச்சது மூணு வரிக்குத்தான் காணும்.

கந்தன்: பார்றா! எழுத்து தெரியலைன்னாலும் வரியை எண்ணுது! அது ஒண்ணுமில்லண்ணே. சும்மா கோர்ட்டுக் கச்சேரி பாஷை.

கைலாசம்: படிக்கிறவன் முழுசாப் படிக்கணும்பா.

கந்தன்: ...'அம்மனுக்குப் பொய்ச் சரிகை சாத்திய குற்றம் என்னுடையதே.' போதுமா? உன் மூஞ்சியைப் பார்த்துக்கினு அதை எப்படிண்ணே படிக்கிறது?

கைலாசம்: மூஞ்சியைப் பார்த்தா எழுதினது மாறிடுமா, கந்தா?

கந்தன்: அண்ணி, நீயாவது எடுத்துச் சொல்லேன்... இன்னா அண்ணி, செவுத்தைப் புடிச்சுக்கினு நிக்கறே?

வடிவாம்பாள்: ஒண்ணுமில்ல. தலை சுத்துது.

கைலாசம்: காலையிலேருந்து சாப்பிடலை அவ. மசி எங்க? இந்தா வெரலு. நல்லா அழுத்தி வச்சுக்க.

கந்தன்: ம்... ஆச்சு. அண்ணே, அச்சுல பாவு நூலு நுனி இன்னும் தொங்கிக்கினு இருக்குது. அறுத்துடட்டா?

வடிவாம்பாள்: இரு! நான் அறுக்கறேன். ஒவ்வொரு இழையா நான் பிணைச்ச பாவு அது.

கந்தன்: சரி, அறு... அழுவாத அண்ணி. அண்ணே, அந்தக் கட்டையை இப்படித் தூக்கு. மெதுவா. ஒரு பக்கம் நான் புடிச்சுக்கறேன்.

கைலாசம்: தலை இடிக்கப் போவுது, பார்த்து. இந்த வாசல்ல அஞ்சு தறியைக் கொண்டாந்தப்போ தலை இடிச்சு நான் அஞ்சு தரம் சிரிச்சிருக்கேன்.

கந்தன்: ஏறிடுச்சு. நான் கெளம்பறேண்ணே. நாட்டாமை விளக்கு வைக்கிற வரைக்கும் கோயில்லதான் இருப்பாரு. நானும் வண்டியை அங்கதான் நிறுத்துவேன். மனசு மாறினா ஓடி வா. இந்தப் பேப்பரைக் கிழிச்சுப் போட்டுட்டு தறியைத் திருப்பிக் கொண்டாந்து எறக்கிடறேன்.

கைலாசம்: போய் வா... வண்டி போயிடுச்சு. எழுந்திரு வடிவு. ஆரணி மோட்டாருக்கு நேரமாவுது. சொம்பை எடுத்துக்கினியா?

வடிவாம்பாள்: அந்தப் புஸ்தகத்தைக் குடுங்க.

கைலாசம்: அடுப்புலயா?

வடிவாம்பாள்: படிக்கப் போறேன். ஏழாம் பாடம். குறுக்கே பேசாதீங்க.

கைலாசம்: ...படி.

வடிவாம்பாள்: 'சரக்கு அறையின் சாவியை... சாவியை உறவினரிடம் கொடுப்பவன், கொடுத்த அன்றே பாதிச் சரக்கை இழந்தவனாவான். தம்பியாயினும் மைத்துனனாயினும், வாரத்துக்கு ஒரு முறை சரக்கை உன் கையாலேயே நிறுத்துப் பார்...' முடியலை மாமா. கேட்டீங்களா? மைத்துனன்னே போட்டிருக்குது. நான்தான் மாத்திப் படிச்சேன். அன்னிக்குக் காலையிலதான் சாவியை அவன் கையில குடுத்தீங்க. அதை இடுப்புல சொருவிக்கினு எதிர்ல ஒக்காந்து ராட்டினம் சுத்திக்கினு இருந்தான். அத்தினி சந்தோஷம் அவன் மூஞ்சியில. அந்த வரி வந்தது. அவன் மூஞ்சியைப் பார்த்தேன். நாக்கு தானா வேற எதையோ சொல்லிடுச்சு.

கைலாசம்: அப்பால?

வடிவாம்பாள்: அப்பால எப்படி மாத்தறது? நீங்க திரும்பக் கேட்டப்பல்லாம் அதே பொய்யைப் படிச்சேன். ஒரு சொல்லு பெசகாம. பெசகிட்டா கண்டுபுடிச்சுடுவீங்களேன்னு தனியா ஒக்காந்து சொல்லிப் பார்த்துக்கூட வச்சுக்கினேன். உங்களுக்கு அந்தப் பாடம் அத்தினி இஷ்டம்னு நெனைச்சேன்.

கைலாசம்: ம்.

வடிவாம்பாள்: ம் கொட்டாதீங்க! அடிங்க. திட்டுங்க. ஆனா மொதல்ல எழுந்து கோயிலுக்கு வாங்க. 'நான் எழுத்து தெரியாதவன், பொண்டாட்டி பொய் படிச்சா, அறியாம ஏமாந்துட்டேன்'னு சொல்லுங்க. நான் கூட நின்னு கற்பூரத்தை அணைச்சுச் சத்தியம் பண்றேன். என் தலையில எல்லாரும் மண்ணை வாரிப் போடட்டும். தறி திரும்பி வந்துடும். பொழுது இருக்குது இன்னும்!

கைலாசம்: அப்படிச் சொல்ல முடியாது வடிவு.

வடிவாம்பாள்: என் மானம் போயிடும்னா? போவட்டும்!

கைலாசம்: அது இல்ல.

வடிவாம்பாள்: பின்ன இன்னா?

கைலாசம்: அம்மன் எதிர்ல இன்னொரு பொய்யும் வாணாம்.

வடிவாம்பாள்: எது பொய்யி? நான் மாத்திப் படிச்சது நெசம். நீங்க ஏமாந்தது நெசம்.

கைலாசம்: முடியலைன்னு நிறுத்தினியே, அதுக்கு அடுத்த வரி... 'வெட்கப்பட்டுக்கொண்டு நிறுக்காமல் இருப்பவனுக்கு, பின்னால் நிறுத்துப் பார்க்கச் சரக்கே இராது.'

வடிவாம்பாள்: ...மாமா. அந்த வரியை நான் உங்களுக்குப் படிச்சதே இல்லையே.

கைலாசம்: ஆமா.

வடிவாம்பாள்: வெள்ளிக்கிழமை... தேசிகன் வாத்தியார் வூடு...

கைலாசம்: உனக்கு நானே ஒரு பாடம் படிச்சுக் காட்டணும்னு ஒரு ஆசை. ஆடியில அவருகிட்ட எழுத்து கத்துக்க ஆரம்பிச்சேன். ஐப்பசியில எழுத்துக் கூட்ட வந்துடுச்சு. நீ தண்ணிக்குப் போயிருந்தப்போ புஸ்தகத்தை எடுத்தேன். ஒரே தரம் கேட்டும் மனசுல நின்ன பாடம், சுளுவா இருக்கும்னு ஏழாவதைத் தெறந்தேன்.

வடிவாம்பாள்: ஐப்பசியிலயா! அவன் சரிகையில கையே வைக்கலையே அப்போ! சாவியைத் திருப்பி வாங்கியிருக்கலாமே! அஞ்சு தறி மாமா... ஏன் என்னை ஒரு வார்த்தை கேக்கலை?

கைலாசம்: கேட்டேனே, வடிவு. ஏழாம் பாடத்தைப் படி, ஏழாம் பாடத்தைப் படின்னு... மூணு தரம் கேட்டேனே.