இடது கை உயர்ந்திருக்கும் வரை

சடுகுடு ஆட வருகிறவர்கள் கைந்நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு வர வேண்டும் என்பதுதான் நான் எழுதிய முதல் விதி. இதற்கெல்லாமா ஒரு விதி என்று பலபேர் சிரித்தார்கள். அந்த வருஷம் ஒருத்தர் முதுகிலும் கீறல் விழவில்லை. சிரித்தவர்கள் அப்புறம் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

இன்ஸ்பெக்டர் ஐயா, நான் சொல்லச் சொல்ல ஏட்டு எழுதிக்கொள்ளட்டும் என்றீர்கள். வேண்டாம், நானே எழுதித் தருகிறேன். வக்கீல் குமாஸ்தாவாக இருபத்திரண்டு வருஷம் எழுதிய கை இது, அடித்தல் திருத்தல் இருக்காது. இறந்துபோன தங்கமுத்துவின் மேல் விழுந்த பழியைத் துடைக்கத்தான் வந்திருக்கிறேன். வேறு நோக்கம் எதுவும் எனக்கு இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் ஆத்மநாதன், ஊர் அரிமளம். எங்கள் சடுகுடு சங்கம் தொடங்கி மூன்று வருஷம் ஆகிறது. எட்டு ஊர் கட்சிகள். வண்டி ஓட்டுகிறவர்கள், கடை வைத்திருப்பவர்கள், வெள்ளாமை பார்க்கிற சம்சாரிகள் என்று எல்லாரும் பிள்ளைகுட்டிக்காரர்கள். இருபது வயதுக்குக் கீழே யாரையும் சேர்ப்பதில்லை. தை கழிந்து கண்மாய்த் தண்ணீர் வற்றியதும், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் கண்மாய்க்குள்ளேயே ஆட்டம். பரிசு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. உடம்பு வலிக்க ஆடி, நாலுபேர் கைதட்ட, வீட்டுக்குப் போய்த் தூங்குவதற்கு ஒரு சாக்கு.

விதி இல்லாமல் அதையும் ஆட முடியவில்லை. ஒருவன் நடுக்கோட்டைத் தாண்டி, ஒரே மூச்சில் சடுகுடு பாடிக்கொண்டே எதிராளியைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். எதிர்க்கட்சி அவனைப் பிடித்து அமுக்கும். பாட்டு நிற்பதற்குள் அவன் கையோ காலோ கோட்டைத் தொட்டால் புள்ளி அவனுக்கு. அங்கேயே பாட்டு நின்றுபோனால் அவன் அவுட். நின்றதா நிற்கவில்லையா என்பதில்தான் மண்டை உடையும். முதல் வருஷம் இரண்டு மண்டைகள் உடைந்தன.

அதற்குத்தான் நடுவர். ஆள் அமுக்கப்பட்டதும் நான் தரையில் முழங்காலிட்டு, அவன் வாய்க்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேட்பேன். கூட்டத்தின் கூச்சலிலும் கொட்டுச் சத்தத்திலும் பிடித்திருப்பவர்களுக்குக் கூடப் பாட்டு கேட்காது. ஆகவே ஓர் ஏற்பாடு செய்தேன். என் இடது கை உயர்ந்திருக்கும் வரை பாட்டு நடக்கிறது என்று அர்த்தம். நின்றதும் கையை இறக்கி ஊதலை ஊதுவேன். ஊதல் கேட்கும் வரை பிடித்தவர்கள் பிடியை விடக் கூடாது. விட்டால் அந்தக் கட்சி அந்த ஆட்டத்தையே தோற்றதாகும். கடுமையான விதிதான். ஆனால் அதற்கப்புறம் ஒரு சண்டை வந்திருக்குமா? வரவில்லை. புத்தகமாகவே அச்சடித்தோம். எட்டு ஊரிலும் என் காதுக்குக் கட்டுப்பட்டார்கள்.

உடையப்பன் எங்கள் ஊர்க் கட்சி. புதுக்கோட்டைக்குப் பார வண்டி ஓட்டுகிறவன். முப்பது வயது, கறுத்த மேனி, எப்போதும் பல் தெரியும் முகம். அவனுடைய மூச்சு எட்டு ஊரிலும் பேர்போனது. நல்லவன் என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் சொல்கிறேன். அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு தொந்தரவு இருந்திருக்காது.

போன வருஷம் கொடும்பாளூரோடு ஆட்டம். கடைசிப் பாட்டு உடையப்பனுடையது. ஐந்துபேர் அமுக்கியும் ஊர்ந்து வந்து கோட்டைத் தொட்டான். புள்ளி அரிமளத்துக்கு என்று ஊதினேன். எங்கள் ஊர்க்காரர்கள் துண்டை வீசிக் குதித்தார்கள். அவன் எழுந்திருக்கவில்லை. படுத்தபடியே தரையை மூன்று தரம் தட்டினான்.

"நான் அவுட்டுங்க. கோட்டுக்கு ஒரு சாண் இருக்கையிலயே பாட்டு நின்டுருச்சு. குமாஸ்தாய்யாவுக்குக் கேட்டிருக்காது, கொட்டுச் சத்தம் அப்புடி" என்றான்.

சொல்லிவிட்டுச் சிரித்தான். கொடும்பாளூர்க்காரர்கள் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றி வந்தார்கள். தோற்ற எங்கள் ஊர்க்காரர்களும் கூடவே ஓடினார்கள். கூட்டத்தில் எவனோ ஒருவன், "இனிமே உடையப்பனையே அம்பயரா போட்டுருங்கப்பா, குமாஸ்தா வெத்தல மடிச்சுக் குடுக்கட்டும்" என்று கத்தினான். ஊதல் என் வாயில் இருந்தது. அதை எடுக்கத் தோன்றாமல் நின்றேன். அவமானமாக இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

ஒருநாள் கூத்தாக இருந்திருந்தால் மறந்திருப்பேன். அதற்கப்புறம் நான் எந்தத் தீர்ப்புச் சொன்னாலும், ஜனங்கள் முதலில் உடையப்பனின் முகத்தைப் பார்த்தார்கள். அவன் ஆடாத ஆட்டத்தில், வேடிக்கை பார்க்கிறவர்களோடு உட்கார்ந்திருந்தாலும் பார்த்தார்கள். அவன் தலையாட்டினால்தான் என் ஊதலுக்கு மரியாதை. அவன் ஒருதரமும் எனக்கு எதிராகத் தலையசைத்ததில்லை. அதுவும் எனக்கு அவன் போட்ட பிச்சையாகத்தான் பட்டது.

ஆகவே ஒன்பதாம் விதியை எழுதினேன். ஆடுகிறவன் தன்னைத் தானே அவுட் என்று சொல்லக் கூடாது, தரையைத் தட்டியோ சைகை காட்டியோ தெரிவித்தாலும் நடுவர் அதைக் கணக்கில் எடுக்கக் கூடாது. சங்கத் தலைவர் சேக் அலாவுதீன் ராவுத்தர், ஜவுளிக்கடை வைத்திருப்பவர், படித்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"உண்மையச் சொல்றவனத் தடுக்கிறதுக்கும் ஒரு விதியா, குமாஸ்தா?" என்று கேட்டார்.

"நாளைக்கு ஒருத்தன் வேணும்னே அவுட்டுன்னு சொல்லி, ஆட்டத்த வித்துட்டா என்னங்க செய்வீங்க?" என்றேன்.

நியாயம் என் பக்கம் இருந்தது. விதி நிறைவேறியது. முதலில் கையெழுத்துப் போட்டவன் உடையப்பன்.

இந்தப் பங்குனியில் கடைசி ஆட்டம், அரிமளத்துக்கும் திருமயத்துக்கும். அதற்கு நாலு நாள் முன்னால் உடையப்பன் என் வீட்டுக்கு வந்தான். நோய்நொடி இருந்தால் காரியதரிசியிடம் தெரிவிக்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு. காரியதரிசியும் நான்தான்.

"இந்தப் பனியில இளப்பு புடிச்சிருச்சுங்க. ராத்திரியில நெஞ்சு கூவுது. ஆனா இந்த ஆட்டத்த விட மனசு வரல. ஆடலாமாங்க? நீங்க வேணாம்னா சரி, நின்டுக்கிறேன்" என்றான்.

நான் யோசித்தேன். அவசரப்பட்டதாக யாரும் சொல்ல முடியாது. காப்பி கொடுத்து, அவன் குடித்து முடிக்கும் வரை யோசித்தேன். பிறகு, "ஆடு. யார்கிட்டயும் சொல்லிக்காத, புடிக்கிறவன் தயங்குவான்" என்றேன். கும்பிட்டுவிட்டுப் போனான்.

தங்கமுத்து திருமயம் கட்சி. உடையப்பனின் மனைவி காத்தாயிக்குக் கூடப்பிறந்த அண்ணன். மச்சானும் மச்சானும் எதிரெதிரே நின்றதால் அன்றைக்குக் கேலிக்குப் பஞ்சமில்லை. "மச்சான், இன்னைக்கு ஒங்க மேலதான் படுத்துத் தூங்கப் போறேன்" என்று தங்கமுத்து கத்த, காத்தாயி கரையில் நின்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

அன்றைக்கும் கடைசிப் பாட்டு உடையப்பனுடையதுதான். இரண்டு பேரைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது கால் இடறியது. ஆறுபேர் விழுந்தார்கள். தங்கமுத்து, உடையப்பனின் முதுகின் மேல். முகம் மண்ணில் புதைந்திருந்தது. நான் போய் முழங்காலிட்டு, காதை வைத்து, இடது கையை உயர்த்தினேன்.

பாட்டு ஆரம்பித்ததிலிருந்து மனசுக்குள் எண்ணுவது என் பழக்கம். முப்பத்து நாலில் பாட்டு நின்றது. அவன் வாய்க்குள் மண் போய்விட்டது என்று தெரிந்தது. கையை இறக்க வேண்டிய நேரம் அது. நான் இறக்கவில்லை.

ஏன் என்று கேட்பீர்கள். அந்தக் கணத்தில் எனக்கு ஒன்று தெளிவாகப் பட்டது. ஆயிரம் பேர் இருந்த அந்தக் கண்மாயில், பாட்டு நின்றது தெரிந்தவர்கள் இரண்டே பேர். அவனால் சொல்ல முடியாது. நான் சொன்னால்தான் உண்டு. ஒரு வருஷத்துக்குப் பிறகு முதல்தடவையாக யாரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லாரும் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நாற்பத்தைந்தில் அவன் வலது கை குவியலுக்கு வெளியே வந்தது. என் முழங்காலுக்குப் பக்கத்தில் தரையை மூன்று தரம் தட்டியது. ஒன்பதாம் விதிப்படி அதைக் கணக்கில் எடுக்க முடியாது. பிறகு இன்னும் மூன்று தரம் தட்டியது, வேகமாக. நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தங்கமுத்து தலையைத் தூக்கினான். "குமாஸ்தாய்யா, சத்தத்தக் காணாமே? நின்டுருச்சாங்க?" என்று கேட்டான். அவன் முகத்தில் பயம் இருந்தது. நான் இடது கையை இன்னும் கொஞ்சம் உயர்த்திக் காட்டினேன். அவன் விதியை மதிக்கிறவன். மறுபடி அமுக்கினான்.

கூட்டம் என்னமோ அதிசயம் நடப்பதாக நினைத்து ஆரவாரித்தது. "என்னா மூச்சுடா" என்று எங்கள் ஊர்க்காரர்கள் ஆடினார்கள். நூறைத் தாண்டியும் எண்ணினேன். நூற்றுத் தொண்ணூறில் கையை இறக்கி ஊதினேன். ஆறுபேரும் உடனே எழுந்தார்கள், ஒரு நொடி கூடத் தாமதிக்கவில்லை. அவ்வளவு ஒழுங்கான பிடியை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

அவன் எழுந்திருக்கவில்லை. தண்ணீர் தெளித்தார்கள், புரட்டிப் போட்டு விசிறினார்கள். காத்தாயி கரையிலிருந்து இறங்கி ஓடி வந்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

நீங்கள் வந்து விசாரித்தபோது, எல்லாம் விதிப்படி நடந்தது என்றேன். இளைப்பு இருந்ததைக் காத்தாயியே சொன்னாள். விபத்து என்று முடிந்தது. ஆனால் ஊர்வாய் முடியவில்லை. சீர் செய்ததில் மச்சான்களுக்குள் ஏதோ மனத்தாங்கலாம், தங்கமுத்து வேண்டுமென்றே அமுக்கினானாம். 'நான் குமாஸ்தாகிட்டக் கேட்டேனே' என்று அவன் கடைத்தெருவில் ஒவ்வொருவரிடமும் சொல்லிப் பார்த்தான். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தாலி அறுத்த தங்கைக்குக் கோடிச்சேலை எடுத்துக்கொண்டு போனான். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஒருநாள் அவளே என்னிடம் வந்து வாசலில் நின்றாள்.

"நீங்கதான காத வச்சுக் கேட்டீங்க. பாட்டு நின்ட பெறகும் எங்கண்ணன் அமுக்குச்சா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்கய்யா" என்றாள்.

"ஊதல் ஊதுற வரைக்கும் புடிச்சிருந்தாரும்மா" என்றேன்.

அதில் பொய் இல்லை. அவள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டதற்கு நான் என்ன செய்ய முடியும்? அடுத்த வெள்ளிக்கிழமை தங்கமுத்து அரளி விதையை அரைத்துக் குடித்தான். அவனுக்கு மூன்று பெண்பிள்ளைகள்.

நேற்று முன்தினம் சங்கம் கூடியது. விதிப் புத்தகத்தைக் கிழிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். கிழித்திருந்தால் கூடத் தாங்கியிருப்பேன். ராவுத்தர் என் தோளில் கையைப் போட்டார்.

"யாரையும் குத்தம் சொல்லாதீங்கப்பா. குமாஸ்தாவுக்குக் காது மந்தமாயிருச்சு. போன வருசமே உடையப்பன் சாடையா சொன்னான், நமக்குத்தான் ஒறைக்கல. அந்தச் சத்தத்துல இவருக்கு என்ன கேட்டிருக்கும்? பாவம், விட்டுருங்க" என்றார்.

எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். ஊதலை என் கழுத்திலிருந்து, நோகாமல், நோயாளிக்குக் கழற்றுவதுபோல் கழற்றினார்கள்.

நேற்றுக் காலையில் காத்தாயி வந்தாள். வெள்ளைச் சேலை. புருஷனும் போய், அண்ணனும் போய், எலும்பும் தோலுமாக இருந்தாள். எனக்கு உள்ளபடியே பரிதாபமாக இருந்தது. நான் கதவருகில் நின்றிருந்தேன். அவள் கிட்டே வந்து, என் காதோரமாகத் தலையைச் சாய்த்து, ஒவ்வொரு வார்த்தையாக, உரக்கச் சொன்னாள்.

"காது கேக்காததுக்கு நீங்க என்னய்யா செய்வீங்க. மனசுல வச்சுக்காதீங்க. எனக்கு ஒங்க மேல வருத்தம் இல்ல."

தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. விடிந்ததும் நேரே இங்கே வந்துவிட்டேன்.

ஐயா, பாட்டு முப்பத்து நாலில் நின்றது. மண்ணுக்குள்ளிருந்து வந்த கடைசி 'குடு' வரைக்கும் கேட்டது. அதற்கப்புறம் அவன் நெஞ்சு கூவியதும், அது கொஞ்சம் கொஞ்சமாக ஓய்ந்ததும், ஓய்ந்து எத்தனை எண்ணிக்கைக்குப் பிறகு ஊதினேன் என்பதும் எனக்குத் தெரியும். உடையப்பனைக் கொன்றது நான். தங்கமுத்துவின் பெயரை எங்கே சேர்ப்பது, சேர்ப்பதா வேண்டாமா என்பதெல்லாம் உங்கள் இஷ்டம். தூக்கோ தீவாந்தர சிட்சையோ, அதையும் நான் கேட்கப் போவதில்லை. ஆனால் டாக்டரை வரவழைத்து என் இரண்டு காதையும் சோதித்து, குறை ஒன்றும் இல்லை என்று அவர் கையெழுத்தோடு ஒரு சான்று வாங்கி, இந்தக் காகிதத்தோடு சேர்த்துத் தைத்துவிடுங்கள். எட்டு ஊருக்கும் அதில் ஒரு நகல் போக வேண்டும்.