பாறையும் கூடவே வந்தது

வீட்டில் ஒரு சோபாவை நகர்த்துவதைவிடக் கணினியில் ஒரு பாலத்தை நகர்த்துவது சுலபம். சோபாவுக்கு இரண்டு ஆள் வேண்டும், தரையில் கீறல் விழும், மனைவி முணுமுணுப்பாள். பாலத்துக்குச் சாலை போகும் கோடு ஒன்றை மட்டும் மாற்றினால் போதும். தூண், தளம், கைப்பிடிச் சுவர் எல்லாம் அந்தக் கோட்டின் பின்னாலேயே சமர்த்தாக வந்துவிடும்.

மாற்றியது நான்தான். பழைய கோடு என் தங்கை வீட்டுச் சமையலறை வழியாகப் போனது. கணவர் இறந்த பிறகு அவளுக்கென்று இருந்தது அந்த வீடு ஒன்றுதான். "அண்ணா, கோடு போடுறவன் நீதானே? கொஞ்சம் தள்ளிப் போட்டா உன் கை தேஞ்சா போயிடும்?" என்று கேட்டாள். தேயவில்லை. ஒரு மதியம் சாப்பிட்டு வந்து தள்ளிப் போட்டேன். வளைவு குறைகிறது என்று மேலிடத்துக்குக் காரணம் சொன்னேன். அதுவும் பொய்யில்லை.

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. தோண்டிப் பார்த்த மண் விவரத்தையும் அதே கோட்டில் இணைத்துவிடுவோம், வரைபடம் சீக்கிரம் தயாராகும் என்பதற்காக. அதனால் பாலம் நகர்ந்தபோது அடியிலிருந்த பாறையும் கூடவே நகர்ந்தது. திரையில் எல்லாத் தூண்களும் பாறைமேல் ஜம்மென்று நின்றன. மண் பரிசோதனை செய்யும் பெண் மட்டும் என் மேசைக்கு வந்தாள்.

"சார், புது இடத்துல நாம தோண்டவே இல்லையே. பாறை எப்படி வந்துச்சு?"

"பாலத்தோட வந்துச்சும்மா."

பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்காமல் நின்றுகொண்டே இருந்தாள். புதிதாகத் தோண்டினால் மேலிடம் பழைய கோட்டுக்கே திரும்பச் சொல்லும். அந்த வாரமே அவளை வேறு வேலைக்கு மாற்றினேன். கெட்டிக்காரப் பெண், அவள்மேல் எனக்கு இப்போதும் மரியாதை உண்டு.

கட்டும்போது வேலையாட்களுக்குக் கல் தட்டுப்பட்டது. வரைபடத்தில் பாறை என்று இருந்ததால் பாறை என்றே நம்பினார்கள்.

பாலம் விழுந்தபோது நல்ல மழை. மேலே ஒரு பேருந்து போய்க்கொண்டிருந்தது. வருத்தம்தான். ஆனால் அதில் இருந்த யாரையும் எனக்குத் தெரியாது. தங்கையைத் தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து தெரியும். அவள் வீட்டில் ஒரு விரிசல்கூட இல்லை. இப்போது அவள் என் போனை எடுப்பதில்லை, மனசு ஆறினால் எடுப்பாள்.

நான் மன்னிப்புக் கேட்க இங்கே வரவில்லை. உங்கள் விசாரணை அறிக்கையைப் படித்துவிட்டு வந்தேன். மூத்த பொறியாளர் மண்ணின் தன்மை தெரியாமல், கவனக்குறைவாகப் பாலத்தை நகர்த்திவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. அந்த இடம் பழைய கல்குவாரி. உடைந்த கல்லும் குப்பையும் கொட்டி அதை மூடியதை, சின்ன வயதில் நானும் தங்கையும் மேட்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்திருக்கிறோம். மூன்றாவது தூண் அதன் நடுவில்தான் வந்து நிற்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கவனக்குறைவு என்ற சொல்லை அடித்துவிடுங்கள். என் வேலையில் அது என்றைக்கும் இருந்ததில்லை.