நெஞ்சுக்கு அடியில் ஒரு துணிச்சுருள்

— பாப்பாவோட கழுத்த அவ்ளோ மடக்காதீங்க விஜயராணி அக்கா. தாடை நெஞ்சுல முட்டுனா மூச்சுக்குழா மடங்கிரும்.

— முப்பது வருசமா புள்ளைகளத் தூக்குற கை, சுபஸ்ரீ மேடம். இந்த ஒரு கிலோ உசுரத் தொட யோசிக்குது. நீங்க பயிற்சி குடுத்துட்டு மத்தியானம் மதுரைக்கு பஸ் ஏறிருவீங்க. பெறகு நானும் இந்த மூச்சு மெஷினுந்தான்.

— அதான் உங்களையே செய்யச் சொல்றேன். குப்புறப் போடுங்க. நெஞ்சுக்கு அடியில துணிச்சுருள். தலைய ஒரு பக்கமாச் சாச்சு. கை ரெண்டும் மூஞ்சிகிட்ட, காலு மடங்கி. வயித்துக்குள்ள கெடந்த மாதிரி.

— வீட்டுல மல்லாக்கப் போடுன்னுல்ல தாய்மாருகிட்டச் சொல்லுறோம்?

— வீட்டுல மல்லாக்கத்தான். இங்க மானிட்டர் ஓடுது, நாம நிக்கிறோம். குப்புறக் கெடந்தா மூச்சு சுளுவா வரும்.

— ஐயோ மேடம், ஆக்சிஜன் எறங்குது! எண்பத்தஞ்சு... எண்பத்திரெண்டு...

— பதறாதீங்க. மூக்கப் பாருங்க.

— குழா விலகிக் கெடக்கு. திருப்பையில நாந்தான் இழுத்துட்டேன்.

— நேராக்குங்க. மூக்குல அழுத்தாம, ஒரு நூல் இடைவெளி விட்டு.

— எண்பத்தேழு... தொண்ணூத்திரெண்டு. ஆத்தாடி!

— நான் கைய வைக்கவே இல்ல, நீங்களே செஞ்சிட்டீங்க. ஏக்கா, அழுறீங்களா?

— இல்ல மேடம். பனிக்குக் கண்ணுல தண்ணி விடுது.

— ஹீட்டர் பக்கத்துலயா? சரி. பத்து மணிக்கு பாப்பாவோட அம்மா வருவாங்கள்ல? நெஞ்சோட நெஞ்சா எப்படி வச்சுக்கணும்னு அவங்களுக்குக் காட்டிக் குடுங்க.

— அத மட்டும் நீங்க சொல்லிட்டுப் போயிருங்க மேடம்.

— நாளைக்கும் நானா வரப்போறேன்? தெனமும் நீங்கதான அவங்களப் பாக்கணும்.

— கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுவா. பீச்சுன பால வச்சுட்டு, புள்ளையவே பாத்துக்கிட்டு நிப்பா. எம் மூஞ்சியப் பாக்க மாட்டா.

— பயமா இருக்கும்க்கா, மொதப் புள்ளைல்ல.

— கைய நல்லாத் தேச்சு, சூடாக்கிட்டுத் தொடச் சொல்லுங்க. தமிழ்மதிக்குச் சின்னதுலருந்தே வெரலு சில்லுனு கெடக்கும்.

— சின்னதுலருந்தா? உங்களுக்கு எப்படித் தெரியும்?

— போளூர்ப் பையனோட அவ ஓடிப் போனப்ப, எனக்கு மகளே இல்லன்னு நடுத்தெருவுல நின்னு கத்துனவ நான். ஆறு வருசம் ஆச்சு மேடம். இப்பப் பத்து நாளா என்னைய ‘சிஸ்டர்’னு கூப்பிடுறா. நான் வாயத் தொறந்தா அதையும் நிறுத்திருவாளோன்னு பயமா இருக்கு.