கரிக்குழியில் ஒரு சொற்பொழிவு

கனகசுந்தரம்: "…ஆகவே, வெள்ளைக்காரன் கரியைச் சுரண்டித் தின்றுவிட்டு எச்சில் இலையாய் எறிந்த இப்பள்ளம், நிப்பொன் பேரரசின் பொற்கரங்கள் பட்டவுடன்…"

பத்மாவதி: எச்சில் இலையிலையோ மரவள்ளி நடப்போறியள்?

கனகசுந்தரம்: குறுக்கை பேசாதையும், பத்மா. நாளைக்குத் திறப்பு விழா. ஒத்திகை பார்க்கிறன்.

பத்மாவதி: சாப்பாட்டு மேசையிலையா? கிழங்கு ஆறுது.

கனகசுந்தரம்: ஆறட்டும். சப்பான்காரன் வந்த நாளிலை இருந்து அதைத்தானே தின்னுறம். "…இன்று நீர் வடிந்து, நிலமாகி, நன்றியோடு தலைகுனிந்து நிற்கிறது."

பத்மாவதி: நிலமுமா? மனிசர் குனியிறது போதாதெண்டு?

கனகசுந்தரம்: ஷ்… யன்னல் திறந்து கிடக்கு.

பத்மாவதி: கிடக்கட்டும்! ஆத்தைக் கடக்கிற பெரிப் படியிலை சப்பான் காவல்காரனுக்குத் தலைகுனியேல்லை எண்டுதானே என்ரை தம்பியைப் பிடிச்சவங்கள்? கிளார்க்கா இருந்த சற்குணம் இப்ப உங்கடை குழியிலை சேறு அள்ளுறான். அத்தான்காரன் சுப்பர்வைசராம், மேடையிலை நிண்டு குனியப்போறாராம்.

கனகசுந்தரம்: உத்தியோகம் எண்டால் குனியத்தான் வேணும்.

பத்மாவதி: சப்பான்காரன் தந்த அந்தக் கைப்பட்டியை வீட்டுக்குள்ளையும் ஏன் கட்டியிருக்கிறியள்?

கனகசுந்தரம்: பழகிப்போச்சு… அது கிடக்கட்டும், என்ரை பெரிய ஸ்பேனரைக் கண்டனீரா? ரண்டு நாளாக் காணேல்லை.

பத்மாவதி: சமையல்காரியிட்டைக் கேக்கிற கேள்வியா இது? அகப்பையைக் கேளுங்கோ, தாறன்.

கனகசுந்தரம்: சரி லா, விடும். "…இத்தருணத்திலே, நீரின் குணம் பற்றிச் சிறிது விரிவாக…"

பத்மாவதி: இன்னும் விரிவா? எவ்வளவு நேரம் இந்தப் பேச்சு?

கனகசுந்தரம்: ஒண்டரை மணித்தியாலம்.

பத்மாவதி: ஐயோ! உங்கடை சப்பான்காரப் பெரியவருக்குத் தமிழே தெரியாதே!

கனகசுந்தரம்: அதாலைதான் துணிஞ்சு எழுதினனான்.

பத்மாவதி: பேசி முடிச்ச பிறகு?

கனகசுந்தரம்: பெரியவர் கயித்தை இழுத்து, வாய்க்கால் வாயிலை இருக்கிற அடைப்புப் பலகையைத் தூக்குவார். குழியிலை ஓரமா மிஞ்சின தண்ணி ஆத்துக்கு ஓடும். அங்கை ஒரு தொங்கு கதவு இருக்கு. கடல் வத்தினால் தானாத் திறக்கும், கடல் ஏறினால் தானா மூடும். ஆத்துத் தண்ணி உள்ளுக்கு வராது.

பத்மாவதி: வேலை முடிஞ்சுது.

கனகசுந்தரம்: முடிஞ்சுது.

பத்மாவதி: வேலை செய்த ஆக்கள்?

கனகசுந்தரம்: …வடக்கை அனுப்புவினமாம்.

பத்மாவதி: வடக்கை எண்டால்?

கனகசுந்தரம்: ரயிலிலை…

பத்மாவதி: சயாம் எண்டு வாயைத் திறந்து சொல்லுங்கோ! தண்டவாளம் போடப் போனவன் எவன் திரும்பி வந்தவன்? குழி ஈரமா இருக்குமட்டும்தான் சற்குணம் இஞ்சை. தெரியுமெல்லோ?

கனகசுந்தரம்: தெரியும்.

பத்மாவதி: தெரிஞ்சுமோ நாள் பார்த்துக் குடுத்தனீங்கள்? பௌர்ணமியாம், மங்களமாம்!

கனகசுந்தரம்: பெரியவருக்கு மங்களம் எண்டால் விருப்பம். கதிரைகூடக் குழியின்ரை அடியிலை, நட்டநடுவிலை போடச் சொல்லிப்போட்டன். இருந்தபடியே இழுக்க நீளக் கயிறு. பட்டு சுத்தி.

பத்மாவதி: தம்பி ஆக்கள்?

கனகசுந்தரம்: அவங்களுக்கென்ன மரியாதை? மேலை, கரையிலை நிக்கட்டும்.

பத்மாவதி: நீங்கள்?

கனகசுந்தரம்: என்ரை மேடை நல்ல உயரம். நானே நிண்டு கட்டுவிச்சனான்.

பத்மாவதி: …இஞ்சாருங்கோ. என்னை நிமிர்ந்து பாருங்கோ. ஏன் ஒண்டரை மணித்தியாலம்?

கனகசுந்தரம்: விழா தோக்கியோ மணிக்குப் பன்னிரண்டு. எங்கடை பழைய மணிக்கு அது பத்தரை. மணிக்கூட்டைத் திருப்பச் சொன்னாங்கள், ஊரே திருப்பினது. கடல் திருப்பேல்லை, பத்மா. பௌர்ணமிக் கடல் எங்கடை பன்னிரண்டுக்குத்தான் நிறையும்.

பத்மாவதி: நிறைஞ்சால் என்ன? கதவு மூடுமெண்டனீங்களே?

கனகசுந்தரம்: மூடாது.

பத்மாவதி: ஏன்?

கனகசுந்தரம்: புறமாத்திப் பூட்டிப்போட்டன். இப்ப அது உள்பக்கம் திறக்கும்.

பத்மாவதி: ஆர்… நீங்களா?

கனகசுந்தரம்: செவ்வாய்க்கிழமை. ஆக்களைக் கஞ்சிக்கு அனுப்பிப்போட்டு, நானே. நாளைக்குப் பெரியவர் தன்ரை கையாலையே ஆத்தை உள்ளை கூப்பிடுவார். பிறகு ஆரைப் பிடிச்சு அடிக்கிறது? பொற்கரத்தையா? சற்குணம் ஆக்கள் இஞ்சையே இன்னும் ஒரு வருஷம் இருந்து இறைக்கட்டும்.

பத்மாவதி: நான் உங்களைக் குனியிற மனிசன் எண்டெல்லோ…

கனகசுந்தரம்: குனிஞ்சால்தானே திருகாணி கழட்டலாம்… ஏன் முகம் வெளிறிப்போச்சு? சிரியுமன்!

பத்மாவதி: எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே…

கனகசுந்தரம்: உமக்கு வாய் நீளம்.

பத்மாவதி: வியாழக்கிழமை தம்பிக்குச் சோறு கொண்டு போனனான்.

கனகசுந்தரம்: ஓம். அதுக்கு?

பத்மாவதி: "அத்தான்ரை கதவைக் கழட்டித் திருப்பிப் பூட்டடா" எண்டு சொன்னனான்.

கனகசுந்தரம்: …என்ன?

பத்மாவதி: "எந்தப் பக்கம் அக்கா?" எண்டவன். "இப்ப இருக்கிறதுக்கு மறுபக்கம்" எண்டன்.

கனகசுந்தரம்: செய்தவனா?

பத்மாவதி: அண்டைக்கே, நான் நிக்கேக்கையே செய்தவன். அக்கா சொன்னால் தட்டமாட்டான்.

கனகசுந்தரம்: அப்ப… கதவு…

பத்மாவதி: சரியாத்தான் தொங்குது. பேரரசுக்கு முழு விசுவாசமா.

கனகசுந்தரம்: பத்மா!!

பத்மாவதி: கத்தாதையுங்கோ, யன்னல் திறந்து கிடக்கு.

கனகசுந்தரம்: குடும்பமா இது? ஆளுக்கொரு பக்கம் திருப்பி… நாளைக்குக் கயித்தை இழுத்தால் ஒரு சொட்டும் வராது! பின்னேரம் கடல் வத்தக் குழி காஞ்சுபோம்! சற்குணம்…

பத்மாவதி: எழும்புங்கோ. கடைசிப் பெரி எத்தினை மணிக்கு?

கனகசுந்தரம்: ஆறுக்கு. அவங்கடை ஆறு. ஓடினால் பிடிக்கலாம். பேச்சு ஒத்திகைக்குக் குழியடிக்குப் போறன் எண்டால் விடுவாங்கள்… ஆனால் ஸ்பேனர்? ஸ்பேனர் இல்லாமல் பல்லாலையா கழட்டுறது?

பத்மாவதி: என்ரை சோத்துக் கூடைக்குள்ளை கிடக்கு. வாழையிலைக்குக் கீழை. தம்பி வேலை முடிச்சுத் திருப்பித் தந்தவன்.

கனகசுந்தரம்: அகப்பை எண்டீர்!

பத்மாவதி: நடவுங்கோ. நானும் வாறன். கதவைத் திருப்பினாப் பிறகு தம்பியிட்டைச் சொல்லவேணும், இனி ஆர் வந்து சொன்னாலும் தொடாதை எண்டு. நான் வந்து சொன்னாலும்.

கனகசுந்தரம்: நில்லும்… பெரிப் படியிலை காவல்காரன் நிப்பானே. கூடையைத் திறந்து காட்டச் சொன்னால்?

பத்மாவதி: சொல்லமாட்டான். நிலத்திலை நெத்தி முட்டக் குனிஞ்சால் அவன் கூடையைப் பார்க்கிறதில்லை, முதுகைத்தான் பார்க்கிறான். வியாழக்கிழமையும் நான் அப்பிடித்தான் தாண்டினனான்.