தர்மிகாவின்ர அம்மா

இல்லைத் தங்கச்சி, குளிரைப் பற்றி யோசிக்காதேங்கோ. அதுக்கு நல்ல உடுப்புகள் இருக்கு. என்ர தர்மிகாவுக்கு லண்டன் வெம்பிளிக் கடையெல்லாம் அலைஞ்சு நான்தான் வாங்கிக் குடுத்தனான்.

ஓம், நேபாளம்தான். முஸ்தாங் எண்டுற பக்கம். யூனிவர்சிட்டியில ஒரு டேர்ம் லீவு எடுத்துக்கொண்டு, நாலு மாசம் ஒரு மலைக் கிராமத்தில, அந்தச் சனத்தின்ர வீட்டிலயே இருந்து அவையின்ர பாஷை, பழக்கவழக்கம் எல்லாம் பழகிறது. உங்கட மகனும் அப்பிடித்தானே போகப் போறார்? அப்ப வடிவாக் கேளுங்கோ, தெரிஞ்சதைச் சொல்லுறன்.

சாப்பாடோ? மாக்களி, உருளைக்கிழங்கு, உப்பும் வெண்ணெயும் போட்ட தேத்தண்ணி. இங்க குடிச்ச கோப்பையைக் கழுவமாட்டாள். அங்க விடியக் காலமை எழும்பி, எரிக்கிறதுக்குச் சாணி பொறுக்கிக் காயவைச்சவளாம். பெமா எண்டு அந்த வீட்டுக்காரி. நல்ல மனுசி. அந்தச் சனத்தில நான் ஒரு குறையும் சொல்லமாட்டன்.

போன் எடுக்கிறது கஷ்டம்தான். மேட்டுக்கு ஏறினாத்தான் சிக்னல். சனிக்கிழமையில மட்டும் எடுப்பாள். அதுக்காக நான் வயசுபோன ஆக்களைப் பாக்கிற கெயார் ஹோமில சனிக்கிழமை ஷிப்டை மாத்தினனான். அங்க என்னோட வேலை செய்யிற நேபாளப் பிள்ளை ஒண்டிட்டக் கேட்டு, என்ர மகளைப் பாக்கிறதுக்கு நன்றி அக்கா எண்டு அவையின்ர பாஷையில சொல்லப் பழகினன். பஸ்ஸுக்குள்ள இருந்து வாய்க்குள்ள சொல்லிச் சொல்லிப் பாப்பன். ஆனா ஒருநாளும் பெமாவோட கதைக்க விடேல்லை. அவவுக்கு வெக்கம் அம்மா எண்டுவாள். கமராவை மலைப்பக்கம் திருப்பிப்போடுவாள். நானும் மலையைப் பாத்து, நல்ல வடிவு எண்டுவன்.

ஓம், வந்து ரெண்டு கிழமை. இப்ப லைப்ரரிக்குப் போட்டாள். இல்லை, மெலிஞ்சு போகேல்லை. இருங்கோ, தேத்தண்ணியைக் குடியுங்கோ.

போன செவ்வாய்க்கிழமை அவள் குளிச்சுக்கொண்டு நிக்கேக்க, மேசையில கிடந்த போன் அடிச்சுது. வீடியோ கோல். பெமா எண்டு கிடந்துது. ஓடிப்போய் எடுத்தன். டவுணில இருக்கிற கோயிலொண்டில நிண்டு எடுத்திருக்கினம். பெமாவும், இங்கிலிஸ் தெரிஞ்ச ஒரு பெட்டையும். அந்தப் பெட்டை சொன்னாள், இண்டைக்கு விசேஷம், தர்மிகாவின்ர அம்மாவுக்கும் ஒரு விளக்கு ஏத்தினனாங்கள், அவளுக்குக் காட்டத்தான் எடுத்தம் எண்டு.

எனக்குச் சரியான சந்தோசம். நான் நல்லா இருக்கோணுமெண்டு ஏத்தினவை எண்டு நினைச்சன். பழகி வைச்சிருந்த வசனத்தைச் சொல்ல வாயெடுத்தன். அதுக்குள்ள பெட்டை சொன்னாள், தாய் இலங்கைச் சண்டையில செத்துப்போனவ எல்லோ, அவவின்ர ஆத்மா சாந்திக்கு எண்டு. பெமா விளக்கைக் காட்டினா. பக்கத்தில என்ர படம்.

இல்லைத் தங்கச்சி, நான் அழேல்லை. பெமாதான் என்ர முகத்தையே பாத்துக்கொண்டு நிண்டு, நீங்கள் ஆர் எண்டு அந்தப் பெட்டையைக்கொண்டு கேப்பிச்சா.

தர்மிகா தலை துவட்டிக்கொண்டு வந்தாள். பெமா எடுத்தவ எண்டு போனை நீட்டினன். முகம் வெளுத்துப்போச்சு. நான் ஏன் எண்டு கேக்கேல்லை. அவள், நீங்கள் ஆரெண்டு சொன்னனீங்கள் எண்டு மட்டும் கேட்டாள்.

சின்னம்மா எண்டு சொன்னனான் பிள்ளை, ஒண்டுக்கும் பயப்பிடாதை எண்டன்.